ஊசிக்கும் கத்திக்கும் நடுவே ஐந்து நிமிடம்

1971-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வுக் குழு, பிறந்த சில நாட்களில் முன்தோல் நீக்கப்பட்ட ஆண் குழந்தைகளின் தூக்கத்தைப் பதிவு செய்தது. மரத்துப்போக எந்த மருந்தும் கொடுக்கவில்லை. அன்றைக்கு அதுதான் வழக்கம். அறுவை முடிந்த பிறகு அந்தக் குழந்தைகள் வழக்கத்தைவிட அதிக நேரம் ஆழ்ந்து தூங்கின. இமைக்குள் கண் அசையாத, உடம்பு துள்ளாத தூக்கம். ஆய்வாளர்கள் இதை நிம்மதியின் அடையாளமாக எடுத்துக்கொள்ளவில்லை. கடுமையான நெருக்கடியைத் தாங்க முடியாத உடம்பு தன்னை உள்ளே இழுத்துக்கொள்கிறது என்று புரிந்துகொண்டார்கள். ஆனால் தொட்டில் பக்கத்தில் நின்று பார்க்கிறவர்களுக்கு அப்படித் தோன்றாது. "பாரு, எப்படி அசந்து தூங்குறான். பச்சப்புள்ளைக்கு ஒண்ணும் தெரியல" என்றுதான் தோன்றும்.

இந்தப் பேச்சைக் கேட்டே வளர்ந்தவள் நான். தூத்துக்குடிக் கரையோரத்தில் எங்கள் ஊர்ப் பக்கம் முஸ்லிம் பையன்களுக்கு ஐந்து, ஆறு, ஏழு வயதில்தான் மார்க்கக் கல்யாணம், அதாவது முன்தோல் நீக்கும் சடங்கு, செய்வார்கள். புதுச் சட்டை, மாலை, விருந்து எல்லாம் உண்டு. பையனுக்கு விவரம் தெரிந்த வயது என்பதால் பயமும் உண்டு, அழுகையும் உண்டு. என் மகன் அமெரிக்காவில், நியூ ஜெர்சியில் பிறந்தான். இங்கே பிறந்த ஓரிரு நாளிலோ முதல் சில வாரங்களிலோ செய்துவிடுவது சாதாரணம். மதம் பார்க்காமல் இந்த நாட்டில் ஆண் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் செய்கிறார்கள். மாமியிடம் போனில் சொன்னபோது அவருக்குப் பெரிய நிம்மதி. "நல்லதாப் போச்சு மவளே. இப்பவே முடிச்சுட்டா புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. ஆறு வயசுல நாலு பேரு புடிச்சு வச்சுக்கிட்டு, அதெல்லாம் வேணாம்" என்றார்.

அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் குழந்தைக்கு எதுவும் தெரியாது என்பதை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பிறந்த அன்று குதிகாலில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தபோது என் மகன் முகம் போன போக்கைப் பார்த்தவள் நான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன்தோல் நீக்கம் செய்யலாமா கூடாதா என்ற விவாதத்துக்குள் இந்தக் கட்டுரை போகாது. எங்களுக்கு அது சுன்னத். இப்ராஹீம் நபி வழி வந்தது. யூதர்கள் எட்டாம் நாளில் செய்கிறார்கள். மருத்துவக் காரணத்துக்காகச் செய்கிறவர்கள் உண்டு, கூடவே கூடாது என்கிறவர்களும் உண்டு. நான் பேசுவது செய்வது என்று முடிவான பிறகு வருகிற கேள்வியைப் பற்றி: அந்தக் குழந்தைக்கு வலிக்காமல் இருக்க என்ன செய்யப் போகிறோம்?

இந்தக் கேள்வியை மருத்துவ உலகம் வெகுகாலம் கேட்கவே இல்லை. அதற்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருந்தது. 1941-ல் நியூயார்க்கில் மிர்ட்டில் மெக்ரா என்ற உளவியலாளர், குழந்தைகளைக் குண்டூசியால் லேசாகக் குத்தி, வயது கூடக்கூட அவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்த்தார். பிறந்த சில மணி நேரமோ சில நாளோ ஆன சில குழந்தைகள் குத்தலுக்குப் பெரிதாக அசையவில்லை. அவற்றின் மூளை மேற்புறணி இன்னும் வேலைக்கு வரவில்லை, ஆகவே உணர்வும் மந்தம் என்ற கருத்து இப்படிப்பட்ட ஆய்வுகளிலிருந்து பரவியது. கூடவே இன்னொரு வாதமும் இருந்தது: நரம்பைச் சுற்றியுள்ள கொழுப்பு உறை பிறந்த குழந்தையிடம் முழுதாக வளர்ந்திருக்காது, ஆகவே வலி மூளைக்குப் போய்ச் சேராது. பெரியவர்களின் உடம்பிலேயே வலியைக் கொண்டுபோகும் நரம்பு இழைகளில் பெரும்பகுதிக்கு அந்த உறை கிடையாது. அப்படியிருந்தும் இந்த வாதம் எத்தனையோ ஆண்டு தாக்குப்பிடித்தது.

மயக்க மருந்து பச்சைக்குழந்தையின் மூச்சை நிறுத்திவிடும் என்ற பயமும் இருந்தது. அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. அன்றைய மருந்துகளும் கருவிகளும் அப்படித்தான் இருந்தன. ஆனால் பயத்தோடு நம்பிக்கையும் சேர்ந்துகொண்டபோது நடந்தது கொடுமை. குறைமாதக் குழந்தைகளுக்குத் தசையை அசையவிடாமல் செய்யும் மருந்தை மட்டும் கொடுத்து நெஞ்சைத் திறந்தார்கள். குழந்தையால் கை காலை அசைக்க முடியாது. வாயில் குழாய் இருப்பதால் அழவும் முடியாது. 1985-ல் ஜெஃப்ரி லாசன் என்ற குறைமாதக் குழந்தைக்கு இதயத்தருகே உள்ள ரத்தக்குழாயை மூடும் அறுவை இப்படித்தான் நடந்தது. சில வாரங்களில் குழந்தை இறந்துவிட்டது. மயக்க மருந்து எதுவும் தரப்படவில்லை என்பது தாய் ஜில் லாசனுக்குப் பிறகுதான் தெரியவந்தது. அவர் கடிதம் கடிதமாக எழுதி, பத்திரிகைகள்வரை கொண்டுபோனார். அமெரிக்கப் பெற்றோர் பலருக்கு இப்படி ஒரு வழக்கம் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது.

அதே காலத்தில் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் ஓர் இந்திய டாக்டர் இதே விஷயத்தைத் துருவிக்கொண்டிருந்தார். கன்வல்ஜீத் சிங் ஆனந்த், இந்தூரில் மருத்துவம் படித்து ரோட்ஸ் உதவித்தொகையில் போனவர். அறுவை அரங்கிலிருந்து திரும்பும் குறைமாதக் குழந்தைகள் வெளிறிப்போய், தடுமாறும் நிலையில் வருவதை வார்டில் கவனித்தார். குழந்தைகளை இரண்டு குழுவாக்கி, ஒரு குழுவுக்கு வழக்கமான மருந்துகளோடு ஃபென்டனில் என்ற வலிநீக்கியையும் சேர்த்துக் கொடுத்து, ரத்தத்தில் அட்ரினலின் போன்ற நெருக்கடி ஹார்மோன்களை அளந்தார்கள். வலிநீக்கி பெறாத குழந்தைகளிடம் அவை எகிறியிருந்தன, அறுவைக்குப் பிந்தைய சிக்கல்களும் அதிகம். 1987-ல் லான்செட் மருத்துவ இதழில் அது வெளியானது. வலிநீக்கி ஆபத்து என்று சொல்லிக்கொண்டிருந்த இடத்தில், வலிநீக்கி கொடுக்காததே ஆபத்து என்று எண்களோடு காட்டிவிட்டார்கள். அதே ஆண்டு அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும், வயதை மட்டும் காரணம் காட்டிக் குழந்தைக்கு மயக்க மருந்தை மறுக்கக் கூடாது என்று அறிவித்தது.

நெஞ்சைத் திறக்கும் அறுவைக்கு வழி பிறந்தது. முன்தோல் நீக்கத்துக்கு அது உடனே வந்து சேரவில்லை என்பதுதான் எனக்கு ஆற மாட்டாத விஷயம். ஏனென்றால் வழி அதற்கு முன்பே தெரிந்திருந்தது. ஆண்குறி உடம்போடு சேரும் இடத்தில், அதன் மேற்பக்கமாக ஓடும் இரண்டு நரம்புகளை லிடோகைன் என்ற மருந்தின் ஊசியால் மரக்கச் செய்யலாம் என்று கிர்யா, வெர்த்மன் என்ற இருவர் 1978-லேயே எழுதிவிட்டார்கள். மருந்தில்லாமல் செய்யும்போது குழந்தையின் ரத்தத்தில் கார்டிசால் என்ற நெருக்கடி ஹார்மோன் ஏறுவதும் எழுபதுகளிலேயே அளக்கப்பட்டிருந்தது. இருந்தும் வழக்கம் நகரவில்லை. ஊசி குத்துவதே வலிதானே, இரண்டு நிமிட வேலைக்கு எதற்கு இரண்டு ஊசி, எப்படியும் பையனுக்கு ஞாபகம் இருக்கப்போவதில்லை என்று பதில்கள் தயாராக இருந்தன. 1998-ல் வெளிவந்த ஒரு கணக்கெடுப்பின்படி, முன்தோல் நீக்கத்தைக் கற்றுக்கொடுக்கும் அமெரிக்கப் பயிற்சித் திட்டங்களில் 26 சதவீதம், வலியைப் போக்கும் முறையைக் கற்றுத்தரவே இல்லை. அறுப்பதற்குப் பாடம் உண்டு, மரக்கச் செய்வதற்குப் பாடம் இல்லை!

கனடாவின் எட்மன்டனில் 52 குழந்தைகளைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு 1997-ல் வெளிவந்தது. நான்கு குழுக்கள். ஒன்றுக்கு மேல்நரம்பு ஊசி, ஒன்றுக்கு ஆண்குறியைச் சுற்றி வளையமாகப் போடும் ஊசி, ஒன்றுக்கு மரக்கும் களிம்பு, ஒன்றுக்கு மருந்தில்லாத வெறும் களிம்பு. மருந்து எதுவும் தரப்படாத குழந்தைகளின் இதயத் துடிப்பு ஆரம்பம் முதல் முடிவுவரை இறங்கவே இல்லை. அவற்றில் இரண்டுக்குப் புரையேறுவதும் மூச்சு நின்றுபோவதும் நேர்ந்தன. அந்தக் குழுவில் மேற்கொண்டு குழந்தைகளைச் சேர்ப்பதையே நிறுத்திவிட்டார்கள். அதுவரை ஊர் ஊராக ஆஸ்பத்திரிகளில் வழக்கமாக நடந்துகொண்டிருந்தது எதுவோ, அதை ஓர் ஆய்வுக்காகக்கூடத் தொடர முடியாமல் போயிற்று.

அதே ஆண்டு டொரன்டோவில் ஆனா டாடியோவின் குழு இன்னொரு கேள்வியைக் கேட்டது. ஞாபகம் இருக்காது என்கிறார்களே, உண்மையா? நான்கு மாதம், ஆறு மாதத்தில் தடுப்பூசிக்கு வந்த 87 ஆண் குழந்தைகளைப் பார்த்தார்கள். முன்தோல் நீக்கப்படாத குழந்தைகள் ஊசிக்குக் குறைவாக அழுதன. மரக்கும் களிம்பு போட்டு நீக்கப்பட்டவை நடுத்தரம். மருந்தே இல்லாத வெறும் களிம்பு போட்டு நீக்கப்பட்டவை எல்லோரையும்விட அதிகம் அழுதன. நமக்கு ஞாபகம் என்றால் கதையாகச் சொல்லத் தெரிவது. நரம்புக்கு அது தேவையில்லை போலும். 1999-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், முன்தோல் நீக்கம் செய்தால் வலிநிவாரணம் கொடுத்தே ஆகவேண்டும் என்று எழுத்தில் வைத்தது. கிர்யாவும் வெர்த்மனும் எழுதி 21 ஆண்டு கழித்து.

உடம்பில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால்தான் எந்த மருந்து எதற்கு என்பது விளங்கும். ஆறு வயதுப் பையன்கள் பலருக்கு முன்தோல் ஓரளவாவது மொட்டிலிருந்து பிரிந்து தளர்ந்திருக்கும். பிறந்த குழந்தைக்கு அது ஒட்டிக்கொண்டிருக்கும். வெட்டுவதற்கு முன் அதைக் கருவியால் பிரித்தெடுக்க வேண்டும். வெட்டைவிட இந்தப் பிரிப்பு லேசு என்று நினைக்க வேண்டாம். எட்மன்டன் ஆய்வில் மேல்நரம்பு ஊசியும் களிம்பும் சரிவரக் கைகொடுக்காத கட்டங்கள் இந்தப் பிரிப்பும் வெட்டும்தான். வளைய ஊசி எல்லாக் கட்டத்திலும் வேலை செய்தது. அடிப்பக்கத்துக்கு, மெல்லிய தோல்மடிப்பு இழுத்துப் பிடிக்கும் இடத்துக்கு, வேறு நரம்புக் கிளைகளும் வருகின்றன. மேலே போடும் ஊசி அவற்றைத் தொடாது. சுற்றிப் போட்டால் அவையும் அடங்கும்.

மருந்து அதிகம் வேண்டியதில்லை. ஒரு சதவீத லிடோகைன், அட்ரினலின் கலக்காதது, மொத்தமே ஒரு மில்லிக்கும் குறைவு. ஊசி மயிரிழைபோல மெல்லியது. ஊசி நன்றாக வேலை செய்வதும் செய்யாததும் பெரும்பாலும் காத்திருப்பதைப் பொறுத்தது. மருந்து நரம்புக்குள் ஊறி, வலிச் செய்தியைக் கடத்தும் வாயில்களை அடைக்கக் குறைந்தது மூன்று முதல் ஐந்து நிமிடம் வேண்டும். பல் பிடுங்கப் போனவர்களுக்கு இது தெரியும். ஊசி போட்டு உட்காரவைத்து, உதடு தடித்ததா என்று கேட்ட பிறகுதான் இடுக்கியை எடுப்பார்கள். குழந்தையிடம் அப்படிக் கேட்க முடியாது. ஆகவே கடிகாரத்தைத்தான் பார்க்க வேண்டும். வெளியே நோயாளிகள் வரிசையில் நிற்கும் கிளினிக்கில் முதலில் வெட்டுப்படுவது இந்த ஐந்து நிமிடமாகத்தான் இருக்கும். ஊசி போட்டோம் என்று குறிப்பேட்டில் இருக்கும், குழந்தைக்கு அது வந்து சேர்ந்திருக்காது.

நாங்கள் முதலில் போன இடத்தில், "சர்க்கரைத் தண்ணீர் தருகிறோம், ஒரு நிமிட வேலை" என்றார்கள். மரக்கும் ஊசி உண்டா என்று கேட்டேன். தேவைப்படாது என்றார்கள். எழுந்து வந்துவிட்டோம். என் கணவருக்குச் சங்கடம். டாக்டரிடம் இப்படி நேருக்கு நேர் கேட்டுவிட்டு வருவது எங்கள் வீட்டுப் பழக்கம் இல்லை. ஆனால் அவரும் என்னோடு எழுந்தார்.

சர்க்கரைத் தண்ணீர் வீண் என்று நான் சொல்லவில்லை. சப்புவதற்கான ரப்பரை 24 சதவீத சர்க்கரைக் கரைசலில் நனைத்து, குத்துவதற்கு இரண்டு நிமிடம் முன்பு வாயில் வைத்தால் அழுகை குறைகிறது, முகச் சுளிப்பு குறைகிறது. ஊசி குத்தும் வலிக்கு அது நல்ல துணை. ஆனால் 2010-ல் லண்டன் ஆய்வாளர்கள் குதிகாலில் ரத்தம் எடுக்கும்போது குழந்தைகளின் மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். சர்க்கரை பெற்ற குழந்தைகளின் முகம் அமைதியாக இருந்தது, மூளையில் வலிக்கு எழும் அலை மட்டும் குறையவில்லை. இதைப் படித்த நாளில் எனக்கு 1971-ன் தூக்கம்தான் மனதில் வந்தது. வெளியே தெரிகிற அமைதியை நம்பி எத்தனை முறை ஏமாந்திருக்கிறோம்! சர்க்கரை போன்ற மருந்தில்லா வழிகள் தனியாகப் போதாது என்று குழந்தை மருத்துவக் கழகமே 2012-ல் சொல்லிவிட்டது.

களிம்பு, அதாவது எம்லா, லிடோகைனும் பிரிலோகைனும் தலா 2.5 சதவீதம் கலந்தது. வேலை செய்ய ஒரு மணி நேரமாவது ஊற வேண்டும். எதுவும் இல்லாததற்கு அது மேல், ஊசிக்கு ஈடாகாது. அளவு மீறினால் பிரிலோகைன் ரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் கெடுத்துவிடும். அதனால் பெற்றோர் தாங்களாகக் கடையில் வாங்கித் தடவுவது கூடவே கூடாது. பாராசிட்டமால் விஷயமும் 1994-லேயே ஆய்வாகிவிட்டது. அறுவை நடக்கும்போது அதனால் எந்தப் பலனும் இல்லை. சில மணி நேரம் கழித்து வரும் எரிச்சலுக்குத்தான் அது உதவுகிறது.

அப்புறம், படுக்கவைக்கும் விதம். கை காலை விரித்து, வாரால் கட்டும் கெட்டியான பிளாஸ்டிக் பலகை ஒன்று பல ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. கட்டியதுமே குழந்தை அழ ஆரம்பித்துவிடும். மினசோட்டாவில் 1997-ல், மெத்தை வைத்த, சற்று நிமிர்ந்த நாற்காலியில் வைத்துப் பார்த்தார்கள். குழந்தைகளின் தவிப்பு குறைந்தது. இது மருந்துகூட இல்லை, ஒரு நாற்காலி!

இரண்டாவதாகப் போன டாக்டர் ஒரு வயதான பெண்மணி. நான் கேட்பதற்கு முன்பே வளைய ஊசி போடுவதாகச் சொன்னார். கையை மேலே துணியில் சுற்றி, காலை மட்டும் நர்ஸ் பிடித்துக்கொண்டார். நான் தலைமாட்டில் நின்று ரப்பரைப் பிடித்துக்கொண்டேன். ஊசி இறங்கும்போது அழுதான். புருவம் நெரிந்து, கண் இறுக மூடி, மூக்கோரம் கோடு விழுந்து, நாக்கு விறைத்தது. பிறந்த குழந்தைகளின் வலியை அளக்க ஆய்வாளர்கள் பார்ப்பதும் இதே அடையாளங்களைத்தான். பிறகு டாக்டர் கையுறையோடு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார். ஐந்து நிமிடம் ஆனதும் இடுக்கி நுனியால் தோலைக் கிள்ளி, அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பித்தார். நடுவில் ஒருமுறை சிணுங்கினான். நெற்றி சுருங்கவில்லை. முடிந்ததும் பால் குடித்தான், பாலுக்குப் பிறகு தூங்கினான், தூக்கத்தில் இமைக்குள் கண்கள் ஓடிக்கொண்டிருந்தன.

2015-ல் ஆக்ஸ்ஃபோர்டில், பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத குழந்தைகளை ஸ்கேன் கருவிக்குள் தூங்கவைத்து, பாதத்தில் பென்சில் முனைபோன்ற ஒன்றால் லேசாகக் குத்தினார்கள். பெரியவர்களின் மூளையில் வலிக்கு எழும் 20 பகுதிகளில் 18 குழந்தைகளிடமும் எழுந்தன. அதுவும் பெரியவர்களுக்குக் கொடுத்ததில் நாலில் ஒரு பங்கு அழுத்தத்துக்கே. மாமிக்கு இதை விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நம்மளவிட அதிகமாத்தான் தெரியுதுங்குற" என்றார். ஆமாம் மாமி, அப்படித்தான் தெரிகிறது.

ஊரில் இப்போது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில்தான் செய்கிறார்கள் என்பது நல்ல மாற்றம். என் தங்கை தன் மகனுக்கு, அவனுக்கு ஆறு வயது, தேதி குறித்துவிட்டுப் போன் செய்தாள். ஆறு வயதுப் பையனுக்குக் கேள்வி வேறு. அவன் பயத்தில் துள்ளுவான், ஆகவே பெரும்பாலும் தூங்கவைத்துத்தான் செய்வார்கள். மயக்க டாக்டர் கூடவே இருப்பாரா, எத்தனை மணி நேரம் முன்பிருந்து சாப்பாடு நிறுத்த வேண்டும், தூங்கவைத்த பிறகு நரம்புக்கோ முதுகின் கீழ்ப்பக்கத்திலோ மரக்கும் ஊசியும் போடுவார்களா என்று கேட்கச் சொன்னேன். கடைசிக் கேள்வியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். தூக்க மருந்து மட்டும் என்றால் பையன் கண் விழிப்பதே வலியில்தான். மரக்கும் ஊசியும் இருந்தால் விழித்த பிறகும் சில மணி நேரம் வலி இருக்காது. "ஏற்கெனவே அப்படித்தான் போடுறாங்களாம் ராத்தா" என்று மறுநாள் சொன்னாள். அப்படியென்றால் அந்த மரப்பு விலகுவதற்கு முன்பே, டாக்டர் எழுதிய அளவில் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடு, அவன் அழ ஆரம்பிக்கும்வரை காத்திருக்காதே என்றேன்.